ஞாயிற்றுக்கிழமைத் தச்சர்கள்

கார் ஷெட்டின் மூலையில் மேசை போட்டு, விடுமுறை நாளில் மரவேலை பழகுபவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. போன மாதம் அஞ்சறைப்பெட்டி, இந்த மாதம் முக்காலி என்று அவர்கள் தேடிப்போகும் ஒவ்வொரு பொருளும் ஒரு புதுப் பாடம்.

இழுப்பறை செய்தால் புறாவால் இணைப்பு கைக்கு வர வேண்டும். அடி குறுகி நுனி அகன்ற பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்வதால், எத்தனை முறை இழுத்தாலும் முன்பலகை கழன்று வராது. மேசை செய்தால் மரத்தின் குணம் தெரிய வேண்டும். ஈரக்காற்றில் பலகை அகலவாக்கில் உப்பும், வறண்டால் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால்தான் மேற்பலகையை இறுக்கி அறையாமல், திருகுக்கு நீள்துளை விட்டுப் பொருத்துகிறார்கள்.

இழைப்புளி பிடிக்கும் கையைக் கவனியுங்கள். நார் ஓடும் திசையில் தள்ளினால் தேக்குச் சுருள் வெங்காயத் தோலைப் போல மெலிந்து வரும். எதிர்த்துத் தள்ளினால் பலகை பிய்ந்துவிடும். விரலால் தடவினாலே சொரசொரப்பு தெரியும்.

இந்த அறிவு கை வழியாகத்தான் வரும். வீட்டில் கொஞ்சம் இடமும் கூரான ஓர் உளியும் இருந்தால் நீங்களும் தொடங்கலாம். முதலில் ஒரு சின்னப் பெட்டி போதும்.