எண்ணிக்கை உறுதி, இருப்பிடம் கணக்கு

ஆட்டம் புரோப் டோமோகிராபி தரும் படத்தில் ஒவ்வோர் அணுவும் ஒரு வண்ணப் புள்ளியாக நிற்கும். பார்த்தவுடன் புகைப்படம் என்றே தோன்றும். ஆனால் அது புகைப்படம் அல்ல. ஆராய வேண்டிய பொருளை, முனையின் ஆரம் 50 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள ஊசியாகச் செதுக்கி, கடுங்குளிரில், வெற்றிடத்தில் நிறுத்தி, சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். அதோடு ஒரு மின்துடிப்போ லேசர் துடிப்போ சேரும்போது, முனையிலுள்ள அணுக்கள் ஒவ்வொன்றாக அயனியாகிப் பறக்கின்றன. பறக்க எடுத்த நேரத்திலிருந்து அயனியின் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதமும், அதிலிருந்து தனிமமும் ஐசோடோப்பும் தெரிகின்றன. உணரியில் அது விழுந்த இடத்தையும் வரிசையையும் கொண்டு, ஊசியில் எங்கே இருந்திருக்கும் என்று கணினி கணக்கிடுகிறது. முதல் விடை அளவீட்டை ஒட்டியது. இரண்டாவது, முனையின் வடிவம் பற்றிய அனுமானங்களின்மேல் எழுந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் படிப்பதுதான் இம்முறையைப் பயன்படுத்துவதில் உள்ள பெரிய குறை.

முறையின் பலத்துக்கும் பலவீனத்துக்கும் ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த ஒரு சிர்கான் படிகத்தைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அந்தப் படிகத்தின் வயது ஏறத்தாழ 437 கோடி ஆண்டு என்பது யுரேனியம் சிதைந்து உருவான ஈயத்தை வைத்துக் கணித்தது. ஈயம் படிகத்துக்குள் இடம்பெயர்ந்து ஓரிடத்தில் குவிந்திருந்தால் அந்த வயது பொய்யாகிவிடும் என்ற ஐயம் நியாயமானது. 2014-இல் புவியியலாளர் ஜான் வேலியும் அவருடைய குழுவினரும் ஆட்டம் புரோப்பில் பார்த்தபோது, ஈயம் உண்மையிலேயே குவிந்திருந்தது. ஆனால் குவியல்கள் சுமார் 10 நானோமீட்டர் அளவே இருந்தன. அவற்றுக்கிடையே இருந்த இடைவெளியும் 10 முதல் 50 நானோமீட்டர்தான். வயதைக் கணித்த கருவி ஒரே நேரத்தில் படிகத்தில் தொடும் இடத்தின் அகலம் இதைவிடப் பல நூறு மடங்கு பெரியது. ஆகவே ஈயம் நகர்ந்தும் வயது கெடவில்லை. குவியலுக்குள் இருந்த ஈய ஐசோடோப்புகளின் விகிதம், அந்த நகர்வு படிகம் பிறந்து சுமார் 100 கோடி ஆண்டுக்குப் பிறகு நேர்ந்தது என்றும் காட்டியது. இந்த வாதத்தில் எது எதைத் தாங்குகிறது என்று பாருங்கள். நகர்ந்த காலத்தைச் சொல்வது எண்ணிக்கை. ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகள் முனையைவிட்டுக் கிளம்பும் விதத்தில் பெரிய வேறுபாடு இல்லாததால், அந்த விகிதம் எளிதில் பிசகாது. குவியலின் அளவோ அப்படியல்ல. குவியலும் சுற்றுப்புறமும் வெவ்வேறு மின்புலத்தில் ஆவியாவதால் அயனிகளின் பாதை வளையும். படத்தில் குவியல் ஊதியோ சுருங்கியோ தெரியலாம். 10 என்பது உண்மையில் 7 ஆகவோ 15 ஆகவோ இருந்தாலும் முடிவு மாறாது என்பதால்தான் இந்த ஆய்வு உறுதியாக நிற்கிறது. அத்தகைய இடைவெளி எல்லா ஆய்வுகளுக்கும் வாய்ப்பதில்லை.

எண்ணிக்கையே முழுமையல்லவே, உணரி பல அயனிகளைத் தவறவிடுகிறதே என்று கேட்கலாம். மிக நல்ல கருவிகளிலும் ஐந்தில் ஒன்று தப்பிவிடுகிறது, சிலவற்றில் பாதி. ஆனால் அந்த இழப்பு பெரும்பாலும் தனிமம் பார்த்து நேர்வதில்லை. சேர்மான விகிதம் தப்பிக்கும். கெடுவது, எந்த அணுவுக்கு எது பக்கத்து அணு என்ற கேள்விதான். இதைவிடக் கூர்மையான மறுப்பு ஹைட்ரஜன் பற்றியது. கருவிக்குள் எஞ்சியிருக்கும் ஹைட்ரஜனும் எண்ணிக்கையில் கலந்துவிடும். அங்கே நம்பலாம் என்று நான் சொன்ன எண்ணிக்கையே ஆட்டம் காண்கிறது. அதற்காக முறையைக் கைவிட வேண்டியதில்லை. 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் எஃகில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்தை ஏற்றி, குளிர் குறையாமல் கருவிக்குள் மாற்றி, அது கார்பைடு துகள்களுக்குள் சிக்கிக்கொள்வதைக் காட்டினார்கள். கருவியின் பிழையை முன்கூட்டியே உணர்ந்து பரிசோதனையை வடிவமைத்ததற்குக் கிடைத்த பலன் இது.

எனக்கு அதிகம் கவலை தருவது உடைந்த ஊசிகள். மின்புலம் தரும் இழுவிசையில் ஊசிகள் நடுவிலேயே முறிவது சாதாரணம். பீங்கான் போன்ற பொருள்களில் இன்னும் அதிகம். தரவு தருபவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே. பலவீனமான எல்லைகள் உள்ள பகுதிகளே முதலில் முறிகின்றன என்றால், நாம் படிப்பது வலுவான பகுதிகளின் சேர்மானத்தை மட்டுமே. சென்னை ஐ.ஐ.டி.யின் தேசிய ஆட்டம் புரோப் மையத்தைப் போலப் பல நிறுவனங்கள் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளும்போது இது இன்னும் முக்கியமாகிறது. ஊசி முறிந்ததை நேரில் காணாதவரும் அதன் தரவை எடுத்து எழுதக்கூடும். எத்தனை ஊசி ஏற்றினோம், எத்தனை முறிந்தன, குவியலை அடையாளம் காண எந்த அளவுகோலை வைத்தோம் என்ற விவரங்களைப் படத்தின் அடியிலேயே அச்சிடச் சொல்வது எந்த ஆய்வாளருக்கும் பெரிய சுமையாக இராது.