பனி காணாத அவரை

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. அதே மாதம் தமிழக அரசு தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தின் பயறு விதைத் தொகுப்பில் மரத்துவரை, காராமணியோடு அவரையும் இருந்தது. கல்லுக்கு மரபுப் பட்டம் கிடைத்தால் காய்க்கும் கொஞ்சம் மவுசு கூடத்தானே செய்யும். விதைத் திருவிழாவோ மாடித்தோட்டக் காணொளியோ, எங்கு போனாலும் கேள்வி ஒன்றுதான்: ருசியில் முதல் அவரை எது? கேட்டவுடன் பட்டியல் வந்து விழுகிறது. பட்டை அவரை, கோழி அவரை, சிவப்பு அவரை, சிறகு அவரை, தம்பட்டை அவரை, மூக்குத்தி அவரை.

இந்த ஆர்வத்தால் நன்மை உண்டு. கை மாறிக் கை மாறித்தான் பல நாட்டு விதைகள் இன்றுவரை பிழைத்திருக்கின்றன. அதற்கு ஒரு கும்பிடு.

பட்டியலைப் பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். மூக்குத்தி அவரை, அவரையே இல்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு உறவான கொடி அது. நித்திய வழுதலை என்பதும் அதுதான். அதில் நாம் தின்பது தடித்த காம்பை. தம்பட்டையும் சிறகவரையும் பயறு வகைதான் என்றாலும் பேரினம் வேறு வேறு. பெயரில் 'அவரை' ஒட்டிக்கொண்டதால் எல்லாவற்றுக்கும் ஒரே பந்தியில் இலை போட்டாயிற்று.

அது போகட்டும். பட்டியலில் இல்லாத ஒன்றுதான் உண்மையான குறை: மாதம்.

நாட்டு அவரை பகல் சுருங்கினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றிய விதை ஐப்பசி வரை பந்தல் முழுக்க ஓடுமே தவிர ஒரு பூ வைக்காது. செஞ்சி இருக்கும் 12 பாகை அகலாங்கில், ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூடக் கிடையாது. கடிகாரம் பார்க்காதவர்களுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்தைக் கொடி கணக்கு வைத்திருக்கிறது. கார்த்திகையில் பூ, மார்கழியில் காய், தை பிறந்தால் பொங்கல் குழம்பில் மொச்சையோடு ஒரு கை.

சந்தைக்கு இத்தனை பொறுமை கிடையாது. அதனால் பகல் நீளத்தைச் சட்டை செய்யாத குத்துச்செடி ரகங்கள் வந்தன. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் அப்படிப்பட்டவை. விற்பனைக்குப் பயிர் செய்பவருக்கு இது வரம்தான். வீட்டில் நாலு செடி வைப்பவருக்கு என்ன அவசரம்? சித்திரை மாதம், மலைப்பாறைகள் ராத்திரியிலும் அனலடிக்கும் செஞ்சி போன்ற ஊரில், சிமெண்ட் மாடித் தொட்டியில் அவரை காய்க்கிறது என்று மகிழ்கிறார்கள். காய்க்கும். திங்கட்கிழமை பிஞ்சு, புதன்கிழமை நார்.

கொடி குத்துச்செடியாவது அமெரிக்காவில் புளூ லேக் பீன்ஸுக்கும் நேர்ந்ததுதான். ருசிக்குப் பேர்போன அந்தக் கொடி ரகத்தை 1960களில் ஓரிகன் மாநிலத்தில் இயந்திர அறுவடைக்காகக் குத்துச்செடியாக்கினார்கள். இயந்திரத்துக்காகச் செடி குள்ளமாவதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. செஞ்சி மாடியில் எந்த இயந்திரம் ஏறப்போகிறது?

இந்த விஷயத்தில் கன்னடர்கள் நம்மைவிடத் தெளிவு. பனிக்கால அவரைக்காயின் தோலில் பிசுபிசுவென்று கசியும் மணத்துக்கு 'சொகடு' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1979இல் அந்தக் கசிவை ஆராய்ந்த வேதியியலாளர்கள் அதில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைக் கண்டார்கள். ஆண்டு முழுதும் காய்க்கும் ஹெப்பாள் அவரையைப் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகமே தந்திருக்கிறது. இருந்தும் அந்த ஊரின் அவரைக்காய் மேளா கூடுவது பனிக்காலத்தில்தான். நம் பட்டியல்களிலோ நிறம் உண்டு, நீளம் உண்டு, எத்தனை நாளில் காய்க்கும் என்பதும் உண்டு. மணத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

மார்கழிக் காலையில் பந்தலடிக்குப் போனால் விஷயம் விளங்கும். கொடி நுனியில் அசுவினி அப்பியிருக்கும். அதன்மேல் முந்தின நாள் தூவிய அடுப்புச் சாம்பல், பனியில் நனைந்து கருத்திருக்கும். காயைக் கிள்ளினால் விரலில் ஒட்டும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, உள்ளே விதையின் நிழல் மட்டும் தெரிந்தால் பொரியலுக்கு ஆகும். விதை புடைத்துவிட்டால் உரித்துக் குழம்பில் போட வேண்டியதுதான். ஒரே கொடியில் இந்த இரண்டு காய்க்கும் உள்ள ருசி வித்தியாசம், பட்டை அவரைக்கும் கோழி அவரைக்கும் இடையே கிடையாது. ரகங்களுக்கு மதிப்பெண் போடுபவர்கள் எந்தக் காயை, எந்த மாதம், பறித்து எத்தனை மணி நேரம் கழித்துத் தின்றார்கள் என்பதைச் சொல்வதே இல்லை.

பந்தலுக்கு இடமில்லையே என்பார்கள். கொல்லையில் ஒரு முருங்கை மரம் இருந்தால் கொடி தானாக ஏறிக்கொள்ளும். கொல்லையே இல்லாத வாடகை வீட்டுக்காரரிடம் இதைச் சொல்வது கறார்தான். அவர் குத்துச்செடியே வைக்கட்டும். ஆனால் ஆவணியில் வைத்துப் பார்க்கட்டும்.

விதை உறையின் பின்பக்கம் இதையெல்லாம் சொல்வதில்லை. 'விதைப்புப் பருவம்: ஆண்டு முழுவதும்' என்று ஒரே வரி. அதை நம்பிப் பங்குனியில் ஊன்றியவர்கள் வைகாசியில் மண்ணைக் குறை சொல்லிக்கொண்டு, இதைவிட ருசியான ரகத்துக்கு என்ன பெயர் என்று கேட்டு வருகிறார்கள்.