பரணியின் யானையும் முல்லைப்பாட்டின் யானையும்

புவனேஷ்வர் அருகே தவுளிக் குன்றில், அசோகர் கல்வெட்டுக்கு மேலே, பாறையிலிருந்து ஒரு யானை வெளியே வருவதுபோல் அதன் முன்பாதியை மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சிற்பம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது எங்கள் வழக்கம். ஒருமுறை அங்கு நின்றபடி, பிற்காலத்தில் சோழரும் கலிங்கத்தை வென்றார்கள், அதுதான் கலிங்கத்துப்பரணி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் கேட்டாள்: “அப்படின்னா நாம ஜெயிச்சது இந்த ஊர்க்காரங்களையாப்பா?” சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பரணியை மறுபடி எடுத்தேன்.

போரில் ஆயிரம் யானைகளை வென்றவனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் இலக்கணம். வீரத்தை அளக்கும் படியே யானைதான்! காரணம் இருக்கிறது. அன்றைய அரசனுக்கு யானை படைபலம், கோட்டைக் கதவை உடைக்கும் கருவி, பெரும் செல்வம். கலிங்கத்து யானைகளை உயர்ந்த வகை என்று அர்த்தசாஸ்திரமே சொல்கிறது.

முதற் குலோத்துங்கனுக்காகக் கருணாகரத் தொண்டைமான் பெற்ற வெற்றியைச் செயங்கொண்டார் பாடுகிறார். சந்த வேகத்தில் அவருக்கு ஈடில்லை. ஆனால் களத்தில் பேய்கள் கூழ் சமைக்கையில், இறந்தவர் பல் அரிசி, முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை. இது போரைக் கேலி செய்வதுதான் என்று வாதிடலாம். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். ஆனால் வயிறு நிறைந்த பேய்கள் கடைசியில் அரசனை அல்லவா வாழ்த்துகின்றன!

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிதான். அங்கும் பாசறையில் யானை நிற்கிறது. பாகர்கள் வடமொழியில் அதட்டிக் கவளம் தின்ன வைக்கிறார்கள். (நம்மைப் போல அதுவும் வேற்றுமொழி பழகியிருக்கிறது!) இரவில் அரசனுக்குத் தூக்கமில்லை. அவன் நினைவில் முதலில் வருவது, வேல் பாய்ந்த புண்ணோடு தன் பிடிகளையும் மறந்து நிற்கும் களிறு. அப்புறம்தான் மாண்ட வீரர்கள். பிறகு, அம்பு தைத்துத் தீனி தின்னாத குதிரைகள்.

பரணியில் யானை ஒரு கணக்கு. முல்லைப்பாட்டில் அது வலியுள்ள உயிர். பரணியைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக்கூடாது, தமிழுக்கு நஷ்டம். ஆனால், தோற்றவர்கள் ஊரில் பிழைக்க வந்திருக்கும் நாம் அதை மட்டும் சொல்லக்கூடாது. மகளுக்கு இப்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். “அந்த ராஜா ஏன் தூங்கலேன்னு இப்போ புரியுதுப்பா” என்றாள்.