கடலூர்க்காரர் கதை

கடலூருக்குச் சிறுகதை ராசி உண்டு. 1906-ல் புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். 1934-ல் ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். தெற்கே ஒரு பஸ் பிடித்தால் சிதம்பரம். மௌனி நெடுங்காலம் அரிசி ஆலை நடத்தி வாழ்ந்து, 1985-ல் மறைந்த ஊர். அவர் எழுதியவை ஏறத்தாழ 24 கதைகள். ஜெயகாந்தனோ 200-ஐத் தொட்டவர். ஒருவர் முணுமுணுத்தார், மற்றவர் மேடை போட்டுப் பேசினார்.

அந்த மேடைக் குரல்தான் ஜெயகாந்தனுக்குப் புகழும் தந்தது, ஒரு கெட்ட பெயரும் தந்தது. கதையில் பிரசங்கம் செய்கிறார் என்பது பழைய புகார். பாதி நியாயம். அவருடைய பாத்திரங்கள் சில சமயம் வக்கீல் போல வாதாடத்தான் செய்கின்றன. ஆனால் நல்ல கதைகளில் வழக்கைத் தீர்ப்பது பேச்சு அல்ல, உடம்பால் செய்யும் ஒரு காரியம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். விழுப்புரத்தில் மாமா வீடு, பிறகு சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம், அச்சகத்தில் ட்ரெடில் மிதிக்கும் வேலை. மனித உடம்பு தேய்வதைக் கிட்டத்தில் பார்த்தவர் என்பதற்கு ‘ட்ரெடில்’ கதையே சாட்சி.

‘யுகசந்தி’யை எடுத்துக்கொள்வோம். நெய்வேலியிலிருந்து கடலூர் வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறாள் கௌரிப் பாட்டி. மழித்த தலை, காவிப் புடவை. பேத்தி கீதாவும் இளம் விதவை, நெய்வேலியில் ஆசிரியை. பாட்டி அவளுக்குத் துணையாக அங்கே இருக்கிறாள். உடன் வேலை பார்ப்பவரை மணக்கப்போவதாகக் கீதா எழுதிய கடிதம் வீட்டைக் குலுக்குகிறது. தகப்பன் கணேசய்யர் மகளைத் தலைமுழுகத் தயார். ஆசாரத்தின் உருவமாக நிற்கும் கிழவியோ பேத்தியிடம் போகக் கிளம்புகிறாள். நிலக்கரிக்காக 1950-களில் எழுந்த புது ஊர் நெய்வேலி. பழைய கடலூர் வீட்டில் நடக்க முடியாதது அங்கே நடக்கலாம். ஊர்த் தேர்விலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது!

ஆனால் கதையின் உயிர் நாவிதன் வேலாயுதம். பாட்டியின் தலையைக் காலமெல்லாம் மழித்து வருபவன். இருவருக்கும் இடையே உள்ள பரிவைக் காட்டும் அதே இடத்தில், அந்தக் கத்தி அவளை என்ன செய்துவிட்டது என்பதும் தெரிந்துவிடுகிறது. வைதவ்யத்தைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருந்தாலும் இவ்வளவு தைக்காது.

1966-ல் ஆனந்த விகடனில் வந்து பெரும் சர்ச்சை கிளப்பிய ‘அக்கினிப் பிரவேச’த்திலும் இதே வித்தைதான். மழை நாளில் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்ட மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றுகிறாள். தலைப்பில் நெருப்பு, கதையில் நீர். தாய் சொல்லும் ஆறுதலை நீக்கினாலும் கதை நிற்கும். அந்தத் தண்ணீரை நீக்கினால் விழுந்துவிடும். தாய் அப்படிச் செய்யாதிருந்தால் என்ற கேள்வி பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலாயிற்று. 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு. ஞானபீடமும் பின்னால் வந்தது. 2015-ல் மறைந்தார்.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் ‘யுகசந்தி’யில் தொடங்கலாம். அவருடைய முன்னுரைகள் காரசாரமானவை, சுவையானவை. ஆனாலும் அவற்றைக் கதைகளுக்குப் பிறகு படியுங்கள்.