கறுப்பு ஹெர்குலிஸும் திம்பம் ஏற்றமும்

ஒரு சைக்கிளின் தரத்தைச் சோதிக்க சத்தியமங்கலத்துக்காரர்கள் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. கோபிச்செட்டிபாளையம் போகும் பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் சமவெளி. நெல்லும் வாழையும் கரும்புமாக, காற்று எதிர்த்தால்தான் கால் வலிக்கும். வடக்கே பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் திம்பம். ஒரே ஊரிலிருந்து கிளம்பி, ஒரே சைக்கிளுக்கு இரண்டு வேறு பரீட்சை வைக்கலாம்.

பரணில் கிடந்த அப்பாரு காலத்துக் கறுப்புச் சைக்கிளை இறக்கி உயிர் கொடுக்கும் ஆசை கோவை வட்டாரத்தில் இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. அவர்களில் ஒரு சாரார் ஷோரூமிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார் கியர், புது பிரேக், புது வீல் எல்லாம் மாட்டி, பை கட்டிக்கொண்டு மைசூரு வரை போகும் டூரிங் வண்டியாக மாற்றப் பார்க்கிறார்கள். இரு சாராரும் செலவு செய்கிறார்கள். எந்தச் செலவு எதற்கு உதவும் என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் வண்டியின் வம்சம். பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் 1946இல் பர்மிங்காமின் ஹெர்குலிஸை வாங்கியது. 1949இல் அதே நிறுவனம் முருகப்பா குழுமத்தோடு கூட்டுச் சேர, சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் பிறந்தது. நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸும் பிலிப்ஸும் அந்த வழியில் வந்தவை. சைக்கிள் பிரியர்கள் இன்றும் பக்தியோடு உச்சரிக்கும் ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935இல் வந்தது. அதைச் செய்த ரெனால்ட்ஸும் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குடும்பம்தான். ஆனால் அந்தக் குழாய் நம் கறுப்பு வண்டிக்கு வரவில்லை. இதற்கு வாய்த்தது சாதாரண எஃகு, கனமான சுவர். முழு வண்டியும் இருபது கிலோவைத் தாண்டும்.

இங்கே ஒரு மாயையைக் கலைத்துவிடலாம். பழைய இரும்புக்கு உயிர் இருக்கிறது, அது மேடு பள்ளத்தை விழுங்கிவிடும் என்று ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்வார்கள். சொகுசு உண்மைதான், அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு. எஃகு எந்த ரகமானாலும் அதன் விறைப்பு ஏறத்தாழ ஒன்றே. விலை உயர்ந்த ரகத்துக்கு வலு அதிகம் என்பதால் குழாயின் சுவரை மெல்லியதாக்க முடிகிறது, அவ்வளவே. கறுப்பு வண்டியின் சொகுசு வருவது சாய்ந்த முன்ஃபோர்க், நீண்ட உடல், நாற்பது மில்லிமீட்டர் தடிமனான டயர், சுருள் வில் வைத்த தோல் சீட் ஆகியவற்றால். ஆகவே சொகுசுக்காக இந்த ஃபிரேமைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, மெல்லிய டயரும் ஒட்டிய சீட்டும் மாட்டுகிறவர் தான் தேடி வந்த பொருளைத் தானே கழற்றி வீசுகிறார்.

ராலே நிறுவனம் இதே ரக வண்டியை ‘டூரிஸ்ட்’ என்ற பெயரில் விற்றது. அந்தப் பெயரை நம்பிவிடக் கூடாது. 1940களிலும் 50களிலும் பாரீசில் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்றவர்கள் கட்டிய டூரிங் சைக்கிள்களில் மலைக்கான சிறிய கியர்கள், அலுமினிய ரிம், அழுத்தமான ஒயர் பிரேக் எல்லாம் இருந்தன. நம் வண்டியில் அவை ஒன்றும் கிடையாது. இது சந்தைக்கும் மில்லுக்கும் பால் சொசைட்டிக்கும் போய்வரப் பிறந்த வண்டி. பின்கேரியரில் ஒரு மூட்டையும் பாரில் ஒரு குழந்தையும் ஏற்றிக்கொண்டு ஒழுங்காகப் போகும். அந்த வேலையில் இதற்கு இணை இல்லை.

இனி திம்பம். ஓட்டுபவர் 65 கிலோ, வண்டி 21, சுமை 8 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 94 கிலோ. அடிவாரத்திலிருந்து உச்சி வரை 800 மீட்டர் ஏற்றம்; சராசரிச் சாய்வு ஆறு சதவீதம் எனக் கொள்ளலாம். முன்னே 44 பல், பின்னே 18 பல் ஃப்ரீவீல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 40 சுற்று மிதித்தால் மணிக்கு 13 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஆறு சதவீத ஏற்றம் ஏற 240 வாட் வேண்டும். ஓரளவு உடல் தேர்ந்தவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 150 வாட் சுமார். இன்னும் மெதுவாக மிதித்தால் சக்திக் கணக்கு சரியாகிவிடும், ஆனால் முழங்கால் தாங்காது. பழைய ஆட்கள் மேட்டில் இறங்கித் தள்ளியது சோம்பலால் அல்ல. இந்தக் கணக்கு அவர்கள் காலுக்குத் தெரிந்திருந்தது.

எடையைக் குறைக்கலாமே என்பார்கள். ஸ்டாண்ட், செயின் கவர், மட்கார்டு எல்லாம் கழற்றி, அலுமினிய ஹேண்டில் பார் மாட்டி, அரும்பாடுபட்டு மூன்று கிலோ குறைத்தீர்கள் என்றே இருக்கட்டும். 94இல் மூன்று, ஏற்றத்தில் கிடைக்கும் லாபமும் நூற்றுக்கு மூன்றுதான், ஏழெட்டு வாட். மாறாக முன்னும் பின்னும் 28 பல் என்று ஒன்றுக்கு ஒன்றாக ஒரு கியர் இருந்தால், நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு எட்டு கிலோமீட்டர், 145 வாட். அதே ஆள், அதே கனமான வண்டி, இப்போது ஏறிவிடுகிறார். மட்கார்டைக் கழற்றியவருக்கு மிச்சம் முதுகில் சேறுதான்.

ஆக மலைக்குத் தேவை கியர். அதை இந்த ஃபிரேமில் பொருத்த முடியுமா? முடியும். எஃகு அந்த வகையில் பெருந்தன்மையான உலோகம். பின்ஃபோர்க்கின் இரு கால்களையும் மெல்ல விரித்து அகலமான ஹப்புக்கு இடம் செய்யலாம். அலுமினிய ஃபிரேமில் இதை முயன்றால் விரிசல் விடும். விரித்த பிறகு கழுத்துக் குழாயிலிருந்து பின்கால் இரண்டுக்கும் நூல் கட்டி, நடுக்குழாயிலிருந்து இரு பக்கமும் ஒரே தூரம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். இந்த நூல் சோதனை செய்யாத பட்டறையில் வண்டியை விடக் கூடாது. கியர் மாற்றியைத் தாங்கும் காது பழைய ஃபிரேமில் இருக்காது. அச்சு நட்டோடு சேர்த்து இறுக்கும் தகடு போதும்.

சிக்கல் பெடல் அச்சில். காட்டர் பின் போட்ட கிராங்கைக் கழற்ற நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் பின் வளையும், உள்ளே கப்பில் குண்டுகள் குழி போடும். கிராங்குக்கு அடியில் கனமான குழாய் முட்டுக்கொடுத்து ஒரே அடியில் இறக்க வேண்டும். அடுத்து அந்த அச்சு உட்காரும் கூட்டின் மரை. ஆங்கிலேய முறையில் அங்குலத்துக்கு 24 மரை. ராலே மட்டும் தனக்கென்று 26 வைத்துக்கொண்டது. அளக்காமல் புது அச்சு வாங்கி வந்து, போகாததைப் போகவைக்க முறுக்கினால் கூடு கெடும். கூடு கெட்டால் ஃபிரேம் கெட்டது. கோவையின் கடைசல் பட்டறைகளில் எதையும் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. பெரும்பாலும் நியாயமான நம்பிக்கைதான், ஆனால் அதுவே பலரை அவசரக்காரர்களாக்குகிறது.

கியர் தீர்ந்தது, பிரேக் தீராது. என் கணக்கில் வழக்கு முடிவாவது இங்கேதான். ஏறிய 94 கிலோவும் இறங்கியாக வேண்டும். அந்த 800 மீட்டரில் கீழே வரும் ஆற்றல் ஏழு லட்சம் ஜூலுக்கு மேல். இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு. காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும், மீதி முழுக்க பிரேக் கட்டை தலையில். கம்பி பிரேக்கோ ரிம்மின் உள்விளிம்பைக் கீழிருந்து மேலே இழுத்துத் தொடுகிறது. இணைப்புக்கு இணைப்பு ஆட்டம், கைக்குக் கிடைக்கும் அழுத்தம் குறைவு. மேல்பூச்சு பளபளக்கும் இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும். மழையில் பண்ணாரி இறக்கத்தில், எதிரே கர்நாடக லாரி வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு வரும்போது, இந்த பிரேக்கை நம்புவதற்கு எனக்குத் துணிவில்லை. உங்களுக்கும் இருக்க வேண்டாம்.

மாற்று வழிகளும் சுத்தமானவை அல்ல. அலுமினிய ரிம், ஒயர் பிரேக் என்று போனால் வீல் அளவு 635 மில்லிமீட்டரிலிருந்து 622க்கு மாறுகிறது. பிரேக் கை இன்னும் நீள வேண்டும். கம்பி பிரேக்குக்கென்றே செய்த ஃபிரேமில் அதை மாட்டத் துளையோ பாலமோ இருக்காது. பற்றவைத்துச் சேர்க்கலாம் என்பவர் சூட்டில் பழைய பெயின்டையும் பொன்கோட்டையும் இழக்கிறார். பற்றவைப்பு சரியில்லை என்றால் ஃபோர்க்கையே பணயம் வைக்கிறார். ஹப்புக்குள் டிரம் பிரேக் நல்ல வழி, மழை அதைத் தொடாது, ஃபிரேமில் கை வைக்க வேண்டாம். ஆனால் சிறிய டிரம் நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடி தளரும். வளைவுக்கு வளைவு நின்று ஆறவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இன்னொரு எடைக்கல்லையும் தட்டில் வைக்க வேண்டும். பழக்கமான ஒரு மெக்கானிக் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ஏனுங்க, கியரெல்லாம் போட்டுக்கறீங்க, செரி. ஆசனூர்ல அது அத்துப்போச்சுன்னா எவங்கிட்டீங்க போவீங்க? இந்த வண்டிக்கு வேணுங்கற சாமான் புளியம்பட்டிச் சந்தையிலயே கெடைக்கும்.” மேம்படுத்தல்காரர்களின் வாதத்தில் இல்லாதது இதுதான். ரோட்ஸ்டர் எனப்படும் இந்தக் கறுப்பு வண்டி இன்றும் நம் நாட்டில் செய்யப்படுகிறது. அதனால் 28க்கு ஒன்றரை அங்குல டயர், ட்யூப், கோன், குண்டு, காட்டர் பின், ஸ்போக்ஸ் கம்பி எல்லாம் சின்ன ஊர்க் கடையிலும் இருக்கும். அறுபது வயது வண்டிக்கு இன்று புது டயர் கிடைப்பது உலகில் பல நாடுகளில் நடக்காத காரியம். அந்த வீலைத் தூக்கிவிட்டு 622 மாட்டினால், டயர் கிழிந்த அன்று கோவைக்கு பஸ் ஏற வேண்டும். தூரப் பயணத்துக்கென்று செய்த மாற்றம் தூரப் பயணத்தின் முதல் தேவையையே வெட்டுகிறது.

சரி, ஷோரூம் பிரியர்கள் மட்டும் தப்பித்துவிட்டார்களா? இல்லை. அவர்களின் பணம் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கே போகிறது. மணலடித்து, பவுடர் பூச்சு ஏற்றி, ஸ்டிக்கர் ஒட்டி, முலாம் போட்டுக் கொண்டுவருகிறார்கள். உள்ளே அதே குழி விழுந்த கப், அதே வறண்ட கிரீஸ். தடித்த பூச்சு விரிசலையும் மறைக்கும். கழுத்துக் குழாய்க்குப் பின்னால் கீழ்க்குழாயின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்தால் சிறு புடைப்பு தட்டுப்படலாம். எங்கோ எப்போதோ நேருக்கு நேர் மோதிய வண்டி அது. பெயின்ட் அடிக்கும் முன் பார்க்க வேண்டியதைப் பெயின்ட் அடித்த பின் யாரும் பார்ப்பதில்லை. கையால் இழுத்த பொன்கோடு பாதியாவது மிஞ்சியிருக்கிற ஃபிரேமை உரித்துப் புதிதாக்குவது புதுப்பித்தலே அல்ல என்பது என் கட்சி. மண்ணெண்ணெயில் துடைத்து மெழுகு பூசினால் போதும்.

ஆகவே தீர்ப்பு இரண்டாகத்தான் வரும். சமவெளிக்கு, அதாவது கோபி, கொடிவேரி, பவானிசாகர், புளியம்பட்டி என்று சுற்றிவர, கறுப்பு ஹெர்குலிஸைத் தயங்காமல் புதுப்பிக்கலாம். முழு ஓவராயில், புது குண்டுகள், வீல் கோட்டம் எடுத்தல், நல்ல டயர், புது பிரேக் கட்டை. இவற்றோடு 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 22 மாட்டச் சொல்வேன். பெடல் சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் நாலரை மீட்டராகும், எதிர்க்காற்றிலும் பாலம் ஏறும்போதும் வித்தியாசம் உடனே தெரியும். மலிவான மாற்றம், எப்போது வேண்டுமானாலும் பழையதை மாட்டிவிடலாம். இன்னும் கொஞ்சம் கை தாராளமாக இருந்தால் ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப். 1902இல் நாட்டிங்காமில் தொடங்கிய பெயர், இப்போது தைவான் நிறுவனத்தின் கையில். சின்ன கியர் நேர் கியரின் முக்கால் பங்கு, பெரியது ஒன்றே மூன்றில் ஒரு பங்கு. ஃபிரேமில் ஒரு கீறல் விழாது, பழைய ரிம்மிலேயே ஸ்போக்ஸ் கட்டிக்கொள்ளலாம், பார்க்கிறவர்களுக்குக் கியர் இருப்பதே தெரியாது. முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக் ஹப்பும் சேர்ந்தால் மழைநாள் கவலையும் குறையும்.

திம்பத்துக்கு இந்த வண்டி வேண்டாம். மூன்று கியரோடு மூச்சு வாங்க ஏறிவிடலாம், இறக்கம்தான் இதன் தகுதிக்கு மீறியது. 2013இல் புலிகள் காப்பகமான காடு அது. 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது. டிரம்மை ஆறவைக்க வளைவுக்கு வளைவு நின்றுகொண்டிருக்க ஏற்ற இடமும் அல்ல, பொழுதைக் கடத்த ஏற்ற சாலையும் அல்ல. மலை ஏறி ஆசனூர், சாம்ராஜ்நகர் என்று போக நினைப்பவர், ஃபிரேமை வெட்டி ஒட்டும் செலவில் பயன்படுத்திய கியர் சைக்கிள் ஒன்றைத் தேடி வாங்கட்டும்.

ஏற்கெனவே வெட்டி ஒட்டிவிட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, வண்டியை ஓட்டட்டும். பற்றவைத்த இடத்தைச் சுற்றி மட்டும் பூச்சைச் சுரண்டி வெறும் இரும்பாக வைத்துக்கொண்டு, லேசாக எண்ணெய் தடவி, ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பார்க்கட்டும். முதலில் பார்க்க வேண்டியது முன்ஃபோர்க்கை.