இன்னதற்கு, இது பயன்: ஒரு மலைவண்டியின் வரலாறு

வினை ஒன்று நிகழ்தற்கு வேண்டுவன யாவை என ஆராய்ந்த நம் இலக்கண நூலார் இருவேறு தொகை கூறினர். நன்னூலார் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறு கொண்டார். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் இன்னதற்கு, இது பயன் என்னும் இரண்டனையும் கூட்டி எட்டென வகுத்தார். வரலாற்று நூல்களைத் திறனாயப் புகுவார்க்கு இவ்வேறுபாடு சிறந்ததோர் அளவுகோல் என்பது நம் கருத்து. ஹாங்காங் மலைவண்டியின் வரலாற்றில் வைத்து அதனை ஈண்டு ஆராய்வாம்.

அவ்வண்டியின் கதை பெரும்பாலும் ஆறு கூறுகளால் சொல்லப்படுகின்றது. செய்பவர், அலெக்சாண்டர் ஃபிண்ட்லே ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்தியர். காலம், ஆளுநர் சர் ஜான் போப் ஹென்னெசியிடம் அவர் விண்ணப்பித்த 1881 முதல், வண்டி ஓடத் தொடங்கிய 1888 மே 30 வரை. நிலம், விக்டோரியா நகரினின்று மலைமேற் செல்லும் செங்குத்தான சரிவு. கருவி, 1926 வரை நீராவிப் பொறியால் இழுக்கப்பட்ட வடம். செயலும் செய்பொருளும் வெளிப்படை. இவ்வளவில் நிறுத்தின், முயற்சியுடையார் ஒருவரின் வெற்றிக் கதையாகவே அது நம்முன் நிற்கும்.

எஞ்சிய இரண்டனையும் வினவுங்கால் கதை வேறாகின்றது. வண்டி சென்று சேரும் மலைமேல் ஸ்மித்துக்கு உரிய உணவு விடுதி ஒன்று இருந்தது. அதற்குமுன் மலைக்குச் செல்வோர் சீனத் தொழிலாளர் தோளில் சுமந்த நாற்காலிப் பல்லக்கையே நம்பியிருந்தனர். எனவே பொதுநலம் நோக்கியதாகத் தோன்றும் விண்ணப்பம் விடுதிக்கு விருந்தினரைக் கொணரும் விண்ணப்பமுமாயிற்று. பாதை அமைக்கும் உரிமையோ சட்டத்தால் பெறற்பாலது. ஆளுநரின் சட்டசபையில் அந்நாளில் அமர்ந்திருந்த அலுவல்சாரா உறுப்பினருள் பெரும்பாலார் வணிகர். கேட்பாரும் கொடுப்பாரும் ஒரே வட்டத்தினராய் இருந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

1883-ஆம் ஆண்டின் டிராம்வே சட்டம் மலைக்கு மட்டுமன்றி, கடற்கரையை ஒட்டிய நகர்ப்பகுதிக்கும் தடங்கள் அமைக்க இடந்தந்தது. எனினும் அப்பொழுது எழுந்தது மலைத்தடம் ஒன்றே. கீழே மக்கள் நெருங்கி வாழ்ந்த நகருக்கு டிராம் வண்டி வந்தது 1904-இல். இடையிற் கழிந்தவை பதினாறு ஆண்டுகள். சட்டம் ஒன்றாயினும் முதல் சென்ற வழி வேறு. மக்கள் மிக்க இடத்தை விடுத்துச் செல்வர் வாழும் இடத்தையே அது முதலில் நாடிற்று.

இனிப் பயன். தொடக்கத்தில் அவ்வண்டி மூன்று வகுப்புகள் உடையது. முதல் வகுப்பு ஆங்கில அலுவலர்க்கும் மலைவாழ்நர்க்கும். இரண்டாவது படையினர்க்கும் காவலர்க்கும். மூன்றாவது பிறர்க்கும் விலங்குகட்கும். பிறரும் விலங்கும் ஒரு தொகையுள் அடங்கிய இவ்வைப்புமுறை, பயன்பெறுவோர் யாவர் என்பதை எவ்விளக்கமும் வேண்டாது உணர்த்துகின்றது. 1904-இன் மலைப்பகுதி ஒதுக்கீட்டுச் சட்டம், ஏவலர் நீங்கலாகச் சீனர் அங்குக் குடியிருத்தலைத் தடுத்தது. அது நீக்கப்பட்டது 1946-இல். 1908 முதல் 1949 வரை வண்டியின் முன்னிருக்கை ஆளுநர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

ஸ்மித்தின் ஊக்கத்தையோ பொறியாளர் திறத்தையோ நாம் மறுக்கின்றிலம். செங்குத்தான சரிவில் வடம் இழுக்கும் வண்டியை ஓட்டியது அருஞ்செயலே. விடுதி உடையார் வழி வேண்டுதலும் குற்றமன்று. அவ்வேண்டுதல் முழுவதும் ஊர்நலமாகவே எழுதப்படுதல்தான் குறை.

எட்டனுள் சில வழக்கில் குறைந்துவரும் எனத் தொல்காப்பியரே கூறினாரன்றோ எனின், கூறினார். காற்று வீசிற்று என்புழி யாருக்கு, எதன்பொருட்டு என்னும் வினாக்கள் எழா. இருப்புப்பாதையோ காற்றன்று. அதனை வேண்டினார் உளர், ஒப்பினார் உளர், ஊதியம் பெற்றார் உளர், மூன்றாம் வகுப்பில் அமர்ந்தாரும் உளர். அவர்களைக் கூறாதுவிடின் அது சொற்சுருக்கம் ஆகாது, மறைத்தலேயாம். நகர வரலாறு எழுதப் புகும் மாணாக்கர் ஆறனோடு அமையாது, எட்டும் நிரம்ப எழுதுவாராக.