வருணனையும் உணர்ச்சியும்: ஜான் கிளேரின் கவிதை

ஆங்கில நாட்டுப்புறத்தைப் பாடிய புலவர் என்றவுடன் வேர்ட்ஸ்வொர்த்தையே நாம் நினைக்கிறோம். அம்மண்ணில் கூலிக்கு உழைத்துக்கொண்டே அதனைப் பாடியவர் ஒருவர் உண்டு. அந்நாளில் நார்தாம்ப்டன்ஷையரைச் சேர்ந்திருந்த ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் 1793-இல் பிறந்த ஜான் கிளேரே அவர்.

அவருடைய முதல் தொகுதி 1820-இல் வெளிவந்தது. கீட்சின் நூல்களை வெளியிட்ட ஜான் டெய்லரே அதனையும் வெளியிட்டார். கிளேரின் பாட்டொன்றைப் படித்த கீட்ஸ், அதில் வருணனை உணர்ச்சியை விஞ்சி நிற்பதாகக் கருதினார். கீட்ஸ் இயற்கையைக் கண்டவாறு எழுதாமல் தம் கற்பனைக்குத் தோன்றியவாறு எழுதுகிறார் என்பது கிளேர் கண்ட குறை.

இருவரும் நைட்டிங்கேல் பறவையைப் பாடியுள்ளனர். கீட்சின் 1819-ஆம் ஆண்டுப் பாட்டில் பறவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குரலாக மட்டும் நின்று, சாவையும் அழியாமையையும் எண்ணச் செய்கிறது. கிளேரோ புதரை விலக்கிக் கூட்டையே காட்டுகிறார். புறத்தே ஓக் மரத்தின் காய்ந்த இலைகள், உள்ளே மெத்தென்ற பாசி, ஐந்து முட்டைகள். முட்டையின் நிறத்தை மங்கிய பச்சை என்றவர், உடனே தம்மைத் திருத்திக்கொண்டு, பழுப்பு என்கிறார். பின்னர்ப் பறவையின் அச்சமறிந்து, கூட்டைத் தொடாமல் விலகுகிறார். இங்கே வருணனைக்கு அப்பால் தனியே ஓர் உணர்ச்சியைத் தேட வேண்டுவதில்லை. பிழையின்றிப் பார்ப்பதே அன்பாகிவிடுகிறது.

இத்துணை நுணுக்கம் ஏன்? ஹெல்ப்ஸ்டனின் பொதுநிலங்களைத் தனியுடைமையாக்கும் சட்டம் 1809-இல் நிறைவேறியது. ஏழையின் மேய்ச்சல் நிலம் பறிபோயிற்று. அந்நிலத்தை அடைத்த உயிர்வேலிகளை நடும் வேலையைக் கிளேரே கூலிக்குச் செய்தார். 'ஸ்வோர்டி வெல்லின் புலம்பல்' என்னும் பாட்டில் நிலமே தன் வாயால் பேசுகிறது. ஊர்த் தருமத்தை நம்பிய வறியவனைப் போல, வந்த தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் தர ஒன்றுமில்லையே என்று அது வருந்துகிறது.

கீட்சின் கருத்து முற்றிலும் பொய்யன்று. வெறும் பட்டியலாக நீளும் பாட்டுகளும் கிளேரிடம் உண்டு. ஆயினும், இழந்தவன் இழந்தவற்றைப் பெயர் சொல்லி எண்ணும்போது பட்டியலே ஒப்பாரியாகிறது.

காலம் வேறொன்றும் செய்தது. அவர் வெறுத்த வேலிகளே நாளடைவில் பறவைகளுக்குப் புகலிடமாயின. 1945-க்குப் பின் பெரும்பண்ணைக்காக அவை பெயர்த்தெறியப்பட்டபோது ஆங்கிலேயர் வருந்தினர். அவற்றைக் காக்க 1997-இல் விதிகள் வந்தன. கல் வெட்டும் குழியாகவும் குப்பைமேடாகவும் இருந்த ஸ்வோர்டி வெல் இன்று இயற்கைக் காப்பிடம்.

கிளேர் 1864-இல் நார்தாம்ப்டன் மனநோய் விடுதியில் மறைந்தார். தாம் இழந்த நிலத்திற்கு அவர் எழுதிவைத்த உரிமைப் பத்திரம் அவருடைய வருணனையே எனலாம்.